பாப்பா மலைக்குப் போனவர்

செங்காங்கில் வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறும் நம்மில் பலர் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்துவதே இல்லை. ஆனால் அந்தப் பாதை ஒரு படையின் கதை வழியாகத்தான் நகருக்குள் போகிறது. உட்லீ நிலையத்தை ஒட்டிப் புதிய வீவக வீடுகள் எழுந்துள்ள பிடாடரியில் 1942ல் இந்தியப் போர்க்கைதிகளின் முகாம் இருந்தது. சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17ஆம் தேதி, பிரிட்டிஷ் ராணுவம் தன் இந்தியப் படைவீரர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தது ஃபேரர் பார்க்கில். தோபி காட்டில் இறங்கி மேலே வந்தால் கேத்தே கட்டடம். 1943 ஜூலை 4ஆம் தேதி ராஷ் பிஹாரி போஸ் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்ததும், அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கம் அறிவிக்கப்பட்டதும் அங்கேதான். பழைய கட்டடத்தின் முகப்பு மட்டுமே இன்று எஞ்சியிருக்கிறது.

இந்திய தேசிய ராணுவம் என்ற ஐஎன்ஏ பற்றிப் பள்ளிப் பாடத்தில் சில பத்திகள் படித்ததுண்டு. அதில் என் கொள்ளுத்தாத்தா இருந்தார் என்பதும் தெரியும். வரவேற்பறையில் பாட்டி மாட்டி வைத்திருக்கும் படத்தில் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக, பதினெட்டு வயதுகூட நிரம்பாத முகத்தோடு நிற்கிறார். பல்கலைக்கழக விடுமுறையில் குடும்ப வரலாற்றை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான், அவரைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதையல்ல, இரண்டு கதைகள் இருப்பது தெரிந்தது.

பாட்டிக்கு அவர் அப்பா. “எங்கப்பா நேதாஜி பேச்சைக் கேட்டுட்டு, அன்னைக்கே பேரு குடுத்தவரு” என்பது பாட்டியின் கதை. பாட்டியின் தம்பி ஜோகூர் பாருவில் இருக்கிறார். நாங்கள் ஜோகூர் தாத்தா என்று கூப்பிடுவோம். அவர் சொல்வது வேறு. “அக்கா சொல்றத அப்படியே எழுதிடாதம்மா. தோட்டத்துல இருந்தா சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிருவானுங்க. அதுக்குப் பயந்துதான் பட்டாளத்துக்கு ஓடினாரு.” இதைச் சொன்னதற்காக பாட்டி அவரோடு இரண்டு வாரம் பேசவில்லை.

சயாம் என்று அவர் சொன்னது சயாம்-பர்மா ரயில் பாதையை. 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். சம்பளம், சாப்பாடு என்று ஆசை காட்டியும், பிறகு ஆள்பிடித்தும் அழைத்துப் போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பாதை முடிந்தது 1943 அக்டோபரில். போஸ் சிங்கப்பூருக்கு வந்து தோட்டத் தொழிலாளர்களைப் படையில் சேர அழைத்தது அதே ஆண்டு ஜூலையிலிருந்து. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தவை. குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த இளைஞனின் கண் முன்னால் இரண்டு லாரிகள் நின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எதில் ஏறுவான்?

ஆகவே ஜோகூர் தாத்தா சொல்வது நடக்கக்கூடியதே. பாட்டி சொல்வதும் அப்படித்தான். எந்தக் கதை சரி என்று சொல்ல ஒரு தாள் கிடைக்குமா என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் போனது கென்னிங் ரைசில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு. அங்குள்ள வாய்மொழி வரலாற்று நிலையம் 1979ல் தொடங்கப்பட்டது. ஜப்பானியர் காலத்தை நேரில் கண்டவர்களின் பேட்டிகள் மணிக்கணக்கில் அங்கே உள்ளன. சில தமிழிலேயே பதிவானவை. பலவற்றை இணையத்திலும் கேட்கலாம். தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் ஜப்பானியர் கால ஆங்கில நாளிதழும் தமிழ் முரசின் பழைய இதழ்களும் இருக்கின்றன.

கொள்ளுத்தாத்தாவின் பெயர் எதிலும் இல்லை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் தேடுவது ஒரு தனிக் கலை. ஒரே ‘முத்துசாமி’யை அந்தக் காலக் கிராணிகள் ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார்கள். அப்பா பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. எல்லா எழுத்துக் கூட்டலையும் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெயர் கிடைக்காததற்கு வேறு காரணமும் உண்டு. பிரிட்டிஷ் தரப்பில் போரிட்டு இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இருக்கிறது. கிராஞ்சி நினைவுச்சின்னத்தின் சுவர்களில், கல்லறை தெரியாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. இந்திய ராணுவத்தினரின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாக அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. வீட்டில் இருந்தபடியே அந்த ஆணையத்தின் இணையத்தளத்தில் ஒரு பெயரைத் தேடிவிடலாம். ஐஎன்ஏவுக்கு அப்படி ஒரு சுவர் கிடையாது. பின்வாங்கும்போது தன் ஆவணங்களில் பலவற்றை அந்தப் படையே எரித்துவிட்டது. 1945 ஜூலை 8ஆம் தேதி எஸ்பிளனேட் அருகே போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்தார்கள். அந்த இடத்தைக் குறிக்கும் நினைவுக்கல் 1995ல்தான் வைக்கப்பட்டது. அதில் தனி மனிதர் பெயர் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் உறவுகள் உள்ள நண்பர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இந்திய அரசாங்கம் 1972ல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் ஐஎன்ஏ வீரர்களும் சேர்க்கப்பட்டார்கள். விண்ணப்பித்தவர்கள் சான்றுகளைக் காட்ட வேண்டியிருந்ததால், பழைய விண்ணப்பத்தின் நகல் ஊர் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அதுவே ஒரு சேவைப் பதிவு மாதிரி. எங்கள் கொள்ளுத்தாத்தா சிங்கப்பூரிலேயே தங்கி செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். விண்ணப்பம் எதுவும் போட்டதில்லை.

தாள்கள் கைவிட்டபோது, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பாட்டியின் அருகில் உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். “போரில் என்ன நடந்தது?” என்று கேட்டால் பாட்டிகளிடமிருந்து வருவது நாற்பது வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. “அவர் என்ன சாப்பிட மாட்டார்? எதற்குக் கோபப்படுவார்?” என்று கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்டது, கொள்ளுத்தாத்தா எதற்குக் கோபப்படுவார் என்று. குழாயைத் திறந்து போட்டால் கோபம் வரும் என்றார் பாட்டி. “தண்ணிய வீணாக்குனா அடிக்கவே வந்துருவாரு. ‘பாப்பா மலையில இருந்திருந்தா தெரியும்டி’ன்னு கத்துவாரு. எந்தப் பாப்பாவோ, யாரு கேட்டது?”

வீட்டுக்குள் எழுபது ஆண்டுகளாக நின்றிருந்த அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. காரணம், முந்தைய வாரம்தான் போப்பா மலையைப் பற்றிப் படித்திருந்தேன்.

போப்பா மலை பர்மாவின் நடுவே, மழை குறைந்த வறண்ட பகுதியில் இருக்கிறது. 1944ல் இம்பால் போரில் தோற்றுப் பின்வாங்கிய ஐஎன்ஏ, 1945 தொடக்கத்தில் ஐராவதி ஆற்றங்கரையிலும் போப்பாவிலும்தான் நின்றது. பிப்ரவரி 14ஆம் தேதி நியாங்கு அருகே பிரிட்டிஷ் தரப்பு ஆற்றைக் கடந்தபோது எதிரே இருந்தது நேரு படைப்பிரிவு. மலாயாவில் சேர்ந்த தமிழர்கள் அதில் பலர். கரையில் நிற்க முடியாமல் எஞ்சியவர்கள் போப்பாவுக்குப் பின்வாங்கினார்கள். சிலர் சரணடைந்தார்கள். சிலர் இரவோடு இரவாக ஓடினார்கள்.

இதெல்லாம் இவ்வளவு விரிவாகத் தெரிவதற்குக் காரணம் ஒரு வழக்கு. 1945 நவம்பர் 5ஆம் தேதி டெல்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர்மீதும் ராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. மூவருமே போப்பா பகுதியில் தளபதிகளாக இருந்தவர்கள். படையை விட்டு ஓடியவர்களைச் சுட்டுக் கொன்றது தொடர்பான குற்றச்சாட்டும் அதில் ஒன்று. விசாரணைக் குறிப்புகள் அச்சிலேயே வெளிவந்துள்ளன. பள்ளிப் பாடத்தில் மூவரும் விடுதலையான மகிழ்ச்சி இருக்கும். ஓடியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. எனக்கு அந்தப் பக்கங்களைத்தான் படிக்கப் படிக்கத் தூக்கம் வரவில்லை. பதினெட்டு வயதில், பேசும் மொழி புரியாத படையில் இந்துஸ்தானியில் கட்டளை கேட்டுக்கொண்டு, தாகத்தோடு அந்த மலையில் நின்ற ஒருவர் பின்னாளில் செம்பவாங்கில் குழாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

இதை ஜோகூர் தாத்தாவிடம் தொலைபேசியில் சொன்னேன். வெகுநேரம் பதிலே இல்லை. “பர்மா வரைக்கும் போனாரா? சும்மா கேம்ப்புல இருந்துட்டு வந்தாருன்னுல்ல நெனச்சேன்” என்றார். அப்படி நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது. மலாயாவில் சேர்ந்த பொதுமக்களை அதிகமாகக் கொண்ட மூன்றாம் டிவிஷன் மலாயாவை விட்டுப் போகவே இல்லை.

பாட்டிக்கு இப்போது ஒரே கேள்வி. நேதாஜிக்காகப் போனார் என்று எழுதுவேனா, மாட்டேனா? ஒருவர் ஏன் போனார் என்பதைப் பர்மா மலை சொல்லாது என்று விளக்கிப் பார்த்தேன். பாட்டி கேட்பதாக இல்லை. கடைசியில் எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் இப்படிப் பதிந்திருக்கிறேன்: “1943ல் குளுவாங் பக்கத் தோட்டத்திலிருந்து ஐஎன்ஏவில் சேர்ந்தார். நேதாஜியின் பேச்சைக் கேட்டுச் சேர்ந்ததாக மகள் சொல்கிறார். சயாம் ரயிலுக்குத் தப்பிச் சேர்ந்ததாக மகன் சொல்கிறார். ‘பாப்பா மலை’ என்று வீட்டில் சொல்லி வந்ததால், 1945ல் பர்மாவின் போப்பா மலையில் இருந்திருக்க வேண்டும்.” ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது, எந்த ஒலிப்பதிவில் இருக்கிறது என்று குறித்திருக்கிறேன். முதல் வரிசையில் தன் பெயர் வந்ததில் பாட்டிக்குக் கொஞ்சம் திருப்தி. தம்பி பெயரும் இருப்பதில் அவ்வளவாக இல்லை.

புகைப்படத்தில் இன்னும் வேலை இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது பின்னாளில் எடுத்த நகல். மூலப்படி ஜோகூர் தாத்தாவின் அலமாரியில் இருக்கிறதாம். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் ஏதோ எண்ணும் இருப்பதாகச் சொல்கிறார். அது படை எண்ணா, ஸ்டூடியோக்காரர் போட்ட எண்ணா என்று பார்க்க வேண்டும். தீபாவளிக்கு வரும்போது எடுத்து வருகிறேன் என்றிருக்கிறார். பாட்டி அவருக்குப் பிடித்த அதிரசத்துக்கு இப்போதே வெல்லம் வாங்கச் சொல்லிவிட்டார்.