இரண்டாம் நாள் சிவக்கும் தோல்

ஆன்டிபயாடிக் ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வாசகிக்கு முன்கையில் ஊசி போட்டிருக்கிறார்கள். இருபது நிமிடம் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் இரவு அந்த இடம் சிவந்து, தடித்து, அரித்திருக்கிறது. பரிசோதனை தவறா என்று கேட்கிறார். தவறில்லை அம்மா, பாதிதான் முடிந்திருந்தது. அந்தத் தடிப்பைத் தேதியோடு படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அந்த மருந்து வேண்டாம்.

இருபது நிமிடத்தில் தெரிவது ஐஜிஇ எதிர்ப்பொருளின் வேலை. மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகும் உடனடி ஒவ்வாமையை அது காட்டிக்கொடுக்கும். இரண்டாம் நாள் சிவப்பு டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களுடையது. முன்பே அந்த மருந்தை அறிந்த செல்கள் ரத்தத்திலிருந்து வந்து, பெருகி, மற்ற செல்களையும் கூட்ட வேண்டும். எங்கள் வீட்டில் ஏதாவது என்றால் எதிர்வீட்டார் உடனே வந்துவிடுவார்கள். பெரியப்பா ஊரிலிருந்து பஸ் பிடித்து வர மறுநாளாகும். அதுபோலத்தான். காசநோய்க்கான மாண்டூ ஊசியை 48 முதல் 72 மணி நேரம் கழித்து அளப்பதும் இதனால்தான்.

இந்தத் தாமதச் சிவப்பு செல்களின் வேலை என்று எப்படித் தெரியவந்தது என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்தது. ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும் 1942இல் கினிப் பன்றிகளில் ஆராய்ந்தார்கள். ஒரு ரசாயனம் பட்டால் தோல் சிவக்கும் பன்றிகளின் சீரத்தால், அதாவது எதிர்ப்பொருள்கள் இருக்கும் ரத்தநீரால், அந்தக் குணத்தை வேறு பன்றிகளுக்குக் கடத்த முடியவில்லை. வெள்ளை அணுக்களைச் செலுத்தியபோதோ, அந்த ரசாயனத்தை அறியாத பன்றிகளின் தோலும் சிவந்தது. ஒரு உடலின் நினைவு செல்களோடு இன்னொரு உடலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது!

நம் ஊரில் 'டெஸ்ட் டோஸ்' போட்டு, பேனாவால் வட்டமிட்டு, சற்று நேரம் பார்ப்பதோடு சரி. இரண்டாம் நாள் அந்த வட்டத்தை யாரும் தேடுவதில்லை. இன்னொரு பக்கம், வைரஸ் காய்ச்சலின்போது ஆமாக்சிசிலின் சாப்பிட்ட குழந்தைக்குச் செம்புள்ளி வந்தால், அது காய்ச்சலாலா மருந்தாலா என்று பாராமல் "பெனிசிலின் ஆகாது" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிப் பெயர் வாங்கியவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மருந்து ஒத்துக்கொள்கிறது. அதுவரை அவர்களுக்குத் தேவையில்லாமல் வீரியமான மாற்று மருந்துகள் போகின்றன. கிருமிகளும் அவற்றுக்குப் பழகுகின்றன. எந்த மருந்து, எத்தனையாவது நாள், எப்படிப்பட்ட தடிப்பு என்று மூன்று வரி எழுதிவைக்க எவ்வளவு நேரமாகும்?

மருந்தால் தோல் கொப்புளித்து உரிந்தவர்கள், வாயும் கண்ணும் புண்ணானவர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு அந்த மருந்தைச் சோதனைக்காகக்கூட மறுபடி கொடுத்துப் பார்ப்பதில்லை.