பெயர் அச்சிடாத உறைகள்

தட்டுகளின் தடம் – 11

சென்ற வாரம் 78 சுழற்சித் தட்டுகளோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் ஒரே தாவலில் எண்பதுகளுக்குப் போய்விடலாம். ஆடுவதற்கென்றே வந்த தட்டுகள் இவை. ஏழு அங்குலத்தில் இரண்டோ நான்கோ பாட்டுகள் இருக்கும். பன்னிரண்டு அங்குலமானால் பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. என் அலமாரியில் நான் அடிக்கடி கை வைக்கும் தட்டு இந்த வரிசையில்தான் இருக்கிறது.

டெல்லி ஜனக்புரியில் இவை கிடைக்கும் வழியே தனி. எழுபதுகளில் டெல்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) கட்டிய பேட்டை இது. மத்திய அரசு வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இங்கே உண்டு. அன்று நாற்பது வயதில் குடிவந்தவர்கள் இன்று சென்னைக்கோ கோவைக்கோ பிள்ளைகளின் வீட்டுக்கோ போகிறார்கள். ஃப்ளாட்டைக் காலி செய்யும்போது பரணில் இருந்ததெல்லாம் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரின் தராசுக்குப் போகிறது. தட்டுகளும் எடைக்கு எடை போய்விடும். அதற்கு முன் போய் நிற்பதுதான் என் போன்றவர்களின் வேலை.

அப்படிப்பட்ட ஒரு தமிழ் வீட்டுக் கட்டைப் பிரித்தால் அந்தக் குடும்பத்தின் வயதே அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் எம்.எஸ்.ஸின் சுப்ரபாதம், சீர்காழி, மதுரை சோமு. மேலே வர வரப் படப் பாட்டு இ.பி.கள். எல்லாவற்றுக்கும் மேலே ‘குர்பானி’, ‘டிஸ்கோ தீவானே’, ‘டிஸ்கோ டான்ஸர்’. சி பிளாக்கில் ஒரு மாமி அந்த மேல் அடுக்கை அப்படியே என் கையில் கொடுத்தார். “இதெல்லாம் என் பொண்ணு காலேஜ் படிக்கறச்சே வாங்கினது. அப்பா ஆபீஸ் போனதும் சத்தமா வெச்சுண்டு ஆடுவா. இப்ப எதுல போட்டுக் கேக்கறது? எடுத்துண்டு போங்கோ.”

‘குர்பானி’ 1980இல் வந்தது. கல்யாண்ஜி–ஆனந்த்ஜி இசையமைத்த படம் அது. ஆனால் ஊரெல்லாம் பாடிய ஒரு பாட்டு மட்டும் லண்டனில் பிடூ செய்தது. பாடிய நாஜியா ஹஸன் கராச்சியில் பிறந்தவர். அப்போது பதினைந்து வயதுப் பள்ளி மாணவி. அதே பாட்டுக்கு அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. அடுத்த ஆண்டு தம்பி ஜோஹேபுடன் சேர்ந்து ‘டிஸ்கோ தீவானே’. படம் இல்லாமல், கதாநாயகன் இல்லாமல், இசைத்தட்டை மட்டும் நம்பி வந்த பாப் இசையை இந்தியா அந்த அளவுக்கு அதற்கு முன் வாங்கியதில்லை. அந்த நாஜியா 2000இல், முப்பத்தைந்து வயதில், லண்டனில் காலமானார்.

பிடூ பெங்களூர்க்காரர். கொடவக் குடும்பம். இங்கே கிடார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தவர், அறுபதுகளில் லண்டன் போய்ச் சேர்ந்தார். ஒற்றைத் தட்டை நேசிக்கிறவர்கள் எல்லாருக்கும் அவருடைய ஒரு கதை தெரிந்திருக்க வேண்டும். கார்ல் டக்ளஸ் என்ற பாடகருக்காக அவர் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ஏழு அங்குலத் தட்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று வேண்டுமே. அதை நிரப்ப, ஸ்டூடியோ நேரத்தின் கடைசிச் சில நிமிடங்களில் இன்னொரு பாட்டை அவசரமாக முடித்தார்கள். கம்பெனியில் கேட்டவர்கள் பின்பக்கத்தைத் திருப்பி முன்பக்கமாக்கச் சொன்னார்கள். ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ 1974இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது. எந்தத் தட்டு வாங்கினாலும் நான் முதலில் பின்பக்கத்தைக் கேட்பதற்கு இந்தக் கதைதான் காரணம். விற்பதற்காகச் செய்த பாட்டு முன்னால் இருக்கும். யாரும் தட்டிக் கேட்க மாட்டார்கள் என்ற சுதந்திரத்தில் செய்தது பின்னால் இருக்கும்.

இனி ஒலி. எல்.பி. ஒரு சுற்று சுற்ற 1.8 விநாடி ஆகிறது, 45 சுழற்சித் தட்டுக்கு 1.33 விநாடி. ஒரே அளவுத் தட்டானால் ஒரு விநாடி இசைக்கு 45இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலான பள்ளம் கிடைக்கிறது. ஜால்ரா, ஹை-ஹாட், கைத்தட்டல் போன்ற மெல்லிய உயர் ஒலிகள் நெருக்கியடிக்காமல் அதில் உட்காரும். தாழ்ந்த ஒலியின் பிரச்சினை வேறு. பேஸ் கிடாரும் பெரிய டிரம்மும் ஊசியைப் பக்கவாட்டில் அதிகம் ஆட்டும். அதற்குப் பள்ளங்களுக்கு நடுவே அகலம் வேண்டும். இருபது நிமிடத்தை ஒரு பக்கத்தில் அடைக்கும் எல்.பி.யில் அந்த அகலம் கிடையாது. எனவே வெட்டும்போதே சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள்.

இதற்கு விடை எழுபதுகளின் நடுவில், நியூயார்க்கில், ஏறக்குறைய தற்செயலாகக் கிடைத்தது. டாம் மோல்டன் என்பவர் நடன அரங்குகளுக்காகப் பாட்டுகளை நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மாதிரித் தட்டு வெட்ட ஏழு அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. இருந்ததோ பெரிய தட்டு. ஒற்றைப் பாட்டை அதில் குறுக்கிப் போட்டுப் பார்த்தார்கள். பெரிய தட்டில் சின்ன வளையமாகப் பார்க்கவே நன்றாயில்லை. பள்ளங்களை அகலப்படுத்தி, சத்தத்தை ஏற்றி வெட்டச் சொன்னார் மோல்டன். ஒலி அப்படியே எழுந்து நின்றது. 1976இல் சால்சோல் நிறுவனம் அந்த வடிவத்தைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டது. எண்பதுகளின் நடன இசை முழுவதும் அந்த அகலத்தின் மேல் நிற்கிறது.

நம் ஊரில் திசை நேர்மாறாக இருந்தது. இங்கே காசு கொடுப்பவர் கேட்டது அதிகப் பாட்டு. ஏழு அங்குலத்திலேயே 33 சுழற்சியில் கூடுதல் பாட்டுகளை நெருக்கி எச்.எம்.வி. ‘சூப்பர் 7’ என்று விற்றது. சிக்கனமான வடிவம், ஆனால் ஒரே படத்தின் பாட்டை அதிலும் 45 இ.பி.யிலும் அடுத்தடுத்துப் போட்டால் வித்தியாசம் உடனே காதில் விழும். இரண்டும் கிடைத்தால் தயங்காமல் 45ஐ எடுங்கள்.

உறைகளுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நியூ ஆர்டர் குழுவின் ‘புளூ மண்டே’ 1983இல் பன்னிரண்டு அங்குலத் தட்டாக வந்தது. உலகில் மிக அதிகம் விற்ற பன்னிரண்டு அங்குலத் தட்டு அதுதான் என்பார்கள். உறையை வடிவமைத்தவர் பீட்டர் சாவில். கணினியின் ஃபிளாப்பி டிஸ்க் போலவே, நடுவில் துளை வெட்டிய கறுப்பு உறை. அதன் முகப்பில் குழுவின் பெயர் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. ஓரத்தில் ஓடும் வண்ணக் கட்டங்களில் இரண்டையும் சங்கேதமாக மறைத்து வைத்திருந்தார். சங்கேதத்தைப் படிக்கும் சாவி அதே குழுவின் இன்னொரு தட்டின் பின்னட்டையில் இருந்தது. பெயரை ஒளித்தது அங்கே ஓர் அழகு. தேடுகிறவனுக்குச் சாவியும் கொடுத்திருந்தார்கள்.

நம் தட்டுகளில் சாவி கிடையாது. படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைப்பாளர். அதோடு லேபிள் முடிந்துவிடும். அந்த பேஸ் கிடாரை வாசித்தது யார்? சிந்தசைஸரில் அந்த வளைவைக் கொண்டுவந்த விரல் யாருடையது? ஒரு வரி அச்சிட்டிருந்தால் போதும். அச்சிடவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

சரண்ஜித் சிங்கின் கதையை இதனால்தான் சொல்கிறேன். பம்பாய்ப் படவுலகில் பல ஆண்டுகள் பேஸ் கிடாரும் டிரான்ஸிகார்ட் என்ற மின்னணு அக்கார்டியனும் வாசித்தவர். ஆர்.டி. பர்மன் உட்படப் பெரியவர்கள் பலரின் ஒலிப்பதிவில் இருந்தவர். லேபிளில் அவர் பெயர் வராது. 1982இல் எச்.எம்.வி.க்காகத் தன் பெயரிலேயே ஒரு தட்டு செய்தார்: டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள். தபலா கிடையாது. ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள்தான்: ஜூபிடர்-8, டிஆர்-808 தாளப்பெட்டி, டிபி-303 பேஸ் இயந்திரம். பூபாலி, கலாவதி, மால்கௌன்ஸ் என்று வரிசை போகும்; நம் காதுக்கு மோகனம், வலஜி, ஹிந்தோளம். டிபி-303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. கிடார்க்காரர்களுக்குப் பயிற்சித் துணையாக ஜப்பானில் செய்த இயந்திரம் அது. அந்த வழுக்கலில் கமகத்துக்கு இடமிருப்பதைக் கண்டுகொண்டது ராகம் தெரிந்த ஒரு காது.

தட்டு விற்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987இல், சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதே டிபி-303ஐத் திருகி ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற பன்னிரண்டு அங்குலத் தட்டை வெளியிட்டது. ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற இசைவகையே அதிலிருந்து கிளம்பியது. சரண்ஜித் சிங்கின் தட்டை அவர்கள் கேட்டிருக்க வழியில்லை. இரண்டு ஊர்களில் இரு தரப்பினர் ஒரே பெட்டிக்குள் இருந்த ஒலியைத் தனித்தனியே கண்டெடுத்தார்கள், பம்பாய்க்காரர் முந்திக்கொண்டார்.

அந்தத் தட்டை உலகுக்குத் திரும்பக் கொடுத்தது நம் டெல்லி. எடோ பௌமன் என்ற டச்சு சேகரிப்பாளர் 2002இல் இங்கே ஒரு கடையில் அதை எடுத்தார். கேட்டு அசந்துபோய், சரண்ஜித் சிங்கைத் தேடிப் பிடித்து, 2010இல் தன் ‘பாம்பே கனெக்‌ஷன்’ லேபிளில் மறுபதிப்பு கொண்டுவந்தார். எழுபது வயதைக் கடந்த மனிதர் ஐரோப்பிய மேடைகளில் அதே கருவிகளோடு நின்று வாசித்தார். 2015 ஜூலையில் மறைந்தார். அந்த ஒரு தட்டை எடைக்குப் போடாமல் அடுக்கி வைத்திருந்த டெல்லிக் கடைக்காரரை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

ரூபா பிஸ்வாஸின் கதையும் இதே ஜாதி. கனடாவின் கால்கரியில் சரோத் கலைஞர் ஆசிஷ் கானோடு பதிவு செய்த ‘டிஸ்கோ ஜாஸ்’, 1982இல் கொல்கத்தாவின் மெகாஃபோன் வெளியீடாக வந்து ஓசையில்லாமல் போனது. 2019இல் அமெரிக்காவின் நியூமெரோ குரூப் மறுபதிப்பு செய்த பிறகு உலகமே அதற்கு ஆடியது.

தமிழுக்கும் இந்த மரியாதை வெளியிலிருந்துதான் முதலில் வந்தது. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் லேபிள் 2011இல் இளையராஜாவின் மின்னணுப் பாப் இசையைத் தொகுத்து ‘சொல்லச் சொல்ல’ என்று தட்டு போட்டது. 1977 முதல் 1983 வரையான பாட்டுகள். அந்த இசையை வாசித்த கைகளை நம் ரசிகர்கள் அறிவார்கள்: கீபோர்டில் விஜி மேனுவல், பேஸ் கிடாரில் சசிதரன், கிடாரில் சதானந்தம், டிரம்ஸில் புருஷோத்தமன். ஆனால் ‘சகலகலா வல்லவன்’ தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். புத்தாண்டுதோறும் தமிழ்நாட்டை ஆட வைக்கும் பாட்டு அதில்தான் இருக்கிறது. எந்தக் கையின் பெயரும் இருக்காது.

எண்பதுகளின் பிற்பாதித் தட்டுகள் ஏன் இவ்வளவு அரிதாகின? காரணம் டெல்லியிலேயே இருக்கிறது. தரியாகஞ்சில் பழச்சாறுக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன் குல்ஷன் குமார். அவருடைய சூப்பர் கேஸட்ஸ், அதாவது டி-சீரிஸ், மலிவுக் கேஸட்டை வெற்றிலைபாக்குக் கடை வரை கொண்டுபோய் நிறுத்தியது. கேஸட்டைப் பேருந்திலும் டீக்கடையிலும் போடலாம், தட்டை முடியாது. தட்டு அடிப்பது சுருங்கியது. அதனால் பொதுவாக 1980இன் ‘குர்பானி’ எந்தக் கட்டிலும் கிடைக்கும். 1986இன் ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ தட்டுகளுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். கணினியைக் கொண்டு இசை கோத்த படம் ‘புன்னகை மன்னன்’. திலீப் என்ற பெயரில் இளம் ரஹ்மான் அதில் வேலை செய்தார். அந்தத் தட்டு நல்ல நிலையில் கண்ணில் பட்டால் பேரம் பேசி விட்டுவிட்டு வராதீர்கள்.

கடைக்குப் போகிறவர்களுக்கு: ஜனக்புரி மேற்கில் மெட்ரோவின் நீலத் தடம் ஏறி, மண்டி ஹவுஸில் ஊதாத் தடத்துக்கு மாறினால் ஜாமா மசூதி நிலையம். மீனா பஜாரில் ஷா மியூசிக் சென்டர் இருக்கிறது. சாந்தினி சௌக்கில் நியூ கிராமஃபோன் ஹவுஸ். லாகூரிலிருந்து பிரிவினையின்போது வந்த கடை. தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான மயிர்க்கோடுகள் சத்தம் போடாது. நகத்தில் தட்டுப்படும் கீறல் நிச்சயம் போடும். நடனத் தட்டுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. விருந்துகளில் தேய்ந்த ஊசியில் ஓடியவை அவை. பள்ளம் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்திருந்தால் கீறலே இல்லாவிட்டாலும் இரையும். லேபிளுக்கும் பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் எண் பொறித்திருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், எந்த அச்சு என்பதை அதுதான் சொல்லும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவ வேண்டும். டெல்லிப் புழுதி பள்ளத்தின் அடி வரை இறங்கியிருக்கும். குழாய்த் தண்ணீரில் இங்கே உப்பு அதிகம். காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்கி, அதில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்து, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் நீரால் அலசி நிழலில் நிறுத்தி வையுங்கள். லேபிள் நனையக் கூடாது.

வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. எண்பதுகளில் சென்னை ஒலிப்பதிவுகளிலோ டெல்லித் தமிழர் இசைக்குழுக்களிலோ வாசித்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தப் பாட்டில் எந்தக் கருவி என்று அவர்களையே கேட்டு எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். வருகிற பெயர்களைத் தட்டின் எண்ணோடு சேர்த்து இந்தத் தொடரிலேயே அச்சிடுகிறேன். இளையராஜாவின் தட்டுகள் பலவற்றை வெளியிட்ட எக்கோ லேபிளிலிருந்து அடுத்த வாரம் தொடங்கலாம்.