விடுதிக்குள் ஓர் உலகம் – 10: பிரிக்காத சோப்பு

சென்ற வாரம் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைப் பார்த்தோம். இந்த வாரம் குளியலறை.

பெரிய ஹோட்டலில் அறைக்கதவு திறந்ததும், பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு நேரே குளியலறையை எட்டிப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டம்தான். கண்ணாடிக்குக் கீழே வரிசையாக ஷாம்பு, கண்டிஷனர், குளியல் ஜெல், பாடி லோஷன். பக்கத்தில் காகிதம் சுற்றிய சோப்பு, ஷவர் கேப். ஒவ்வொரு மூடியையும் திருகி முகர்ந்து பார்த்தால்தான் மனசு அடங்கும். தாஜில் ஃபாரஸ்ட் எசென்ஷியல்ஸ், ஃபேர்மான்ட்டில் லே லாபோ என்று, கடையில் விலைச் சீட்டைப் பார்த்து நகர்ந்துவிடும் பெயர்களெல்லாம் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். வாடகையில் இதற்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள் என்று தெரியும். தெரிந்தும், யாரோ பிரியமாகக் கொடுத்ததைப் போலத்தான் அதை எடுத்துக்கொள்கிறோம்.

அந்தச் சந்தோஷத்துக்கு வாசனை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பிரிக்காத உறை என்று நினைக்கிறேன். நேற்று இதே கட்டிலில் யாரோ படுத்திருந்தார்கள், இதே குழாயைத் திருகினார்கள். அந்த நினைப்பைத் துடைத்துவிடுவது அந்த உறைதான். வேறு எவர் கையும் படாதது, எனக்கென்றே வைத்தது என்ற நிம்மதி அதில் இருக்கிறது.

அந்த நிம்மதிக்கு என்ன விலை என்பதை, சோப்பின் அருமை தெரிந்த ஒருவர்தான் கண்டுபிடித்தார். டெரெக் கயோங்கோ உகாண்டாவில் பிறந்தவர். அப்பா சோப்பு தயாரித்தவர். அந்நாட்டுச் சர்வாதிகாரி இதி அமீன் காலத்துக் கொடுமைகளில் ஊரைவிட்டு ஓடிக் கென்யாவில் அடைக்கலமான குடும்பம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கா வந்த அவர், ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் தங்கினார். லேசாகக் கரைந்த சோப்பை எடுத்துவிட்டுத் தினமும் புதுசு வைத்துவிட்டுப் போகிறார்கள். இதற்கெல்லாம் தன்னிடம் காசு வசூலிக்கப் போகிறார்கள் என்று பயந்து, புதிய சோப்புகளைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். தினமும் புதுச் சோப்பு வைப்பதுதான் இங்கே வழக்கம் என்றார்கள். அப்படியானால் பழைய சோப்பு? குப்பைக்கு.

அகதி முகாம்களில் கை கழுவ ஒரு துண்டு சோப்பு கிடைக்காமல் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துப்போவதை அறிந்தவர் அவர். அந்தப் பதில் அவரை விடவில்லை. 2009ல் அட்லாண்டாவில் ‘குளோபல் சோப் ப்ராஜெக்ட்’ தொடங்கினார். ஹோட்டல்களிலிருந்து சோப்புத் துண்டுகளைச் சேகரித்து, கிருமி நீக்கி, சூடாக்கி, ஆறவைத்து, புதுக் கட்டிகளாக வெட்டினார்கள். ஆய்வகம் சோதித்து, கிருமி இல்லை என்று உறுதி சொன்ன பிறகே அவை கப்பல் ஏறின.

அதே 2009ல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஷான் சீப்லர் ‘கிளீன் தி வேர்ல்டு’ அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராக அலையும் வேலையில் இருந்தபோது ஹோட்டல் ரிசப்ஷனுக்கு போன் போட்டு, மிச்ச சோப்பை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவர் அவர். ஆரம்பத்தில் கார் ஷெட்டில் உறவினர்களை உட்காரவைத்து, உருளைக்கிழங்குத் தோல் சீவும் கருவியால் சோப்பின் மேல்பரப்பைச் சீவினார்கள். பிறகு இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் அரைத்துக் காய்ச்சினார்கள். அந்த வேலை பிற்பாடு உலகளாவிய அமைப்பாக வளர்ந்தது. கயோங்கோவின் அமைப்பும் அதோடு இணைந்தது.

சோப்புக்காவது மறுபிறவி உண்டு. ஷாம்பு, லோஷன் புட்டிகளுக்கு அது எளிதில்லை. சின்னதாக இருப்பதாலேயே அவற்றைப் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது கடினம். மாரியட் 2019ல் பெரிய பம்ப் புட்டிகளுக்கு மாறப்போவதாக அறிவித்தபோது, ஆண்டுக்குச் சுமார் 50 கோடிச் சின்னப் புட்டிகள் மிச்சமாகும் என்றது. ஒரே ஒரு குழுமத்தின் கணக்கு இது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 2023 முதல் 50 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல்களிலும், 2024 முதல் மற்றவற்றிலும் சின்ன பிளாஸ்டிக் புட்டிகள் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2030 ஜனவரி முதல் தடை.

சட்டம் சரிதான். ஆனால் சின்னப் புட்டி இல்லையே என்ற விருந்தாளியின் முகச்சுளிப்பைச் சுற்றுச்சூழல் அக்கறை இல்லாதவர்களின் புலம்பல் என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். சுவரில் மாட்டிய டிஸ்பென்சரைப் பார்த்ததும் எழும் கேள்விகள் நியாயமானவை. உள்ளே இருப்பது வெளியே எழுதியிருக்கும் பிராண்டுதானா? முன்னால் தங்கியவர் திறந்து எதையாவது கலந்திருந்தால்? கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஷவருக்கு அடியில் நிற்கும் அறுபது வயதுக்காரருக்கு, எது ஷாம்பு, எது லோஷன் என்று அந்தப் பொடி எழுத்தில் எப்படித் தெரியும்? பூட்டுள்ள, திறக்க முடியாத புட்டி, தீர்ந்ததும் ஊற்றி நிரப்பாமல் முழுசாக மாற்றும் பழக்கம், தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிய எழுத்து ஆகிய மூன்றும் இருந்தால் பாதி மனக்குறை தீரும். நீளக் கூந்தல் உள்ளவர்களுக்கு டிஸ்பென்சரே மேல். 30 மில்லி ஷாம்பு அவர்களுக்கு எந்த மூலைக்கு?

ஜப்பானில் இன்னொரு வழி பார்க்கலாம். 2022 ஏப்ரலில் அங்கே பிளாஸ்டிக் குறைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், பல ஹோட்டல்கள் பல்துலக்கி, சீப்பு, ரேஸர் எல்லாவற்றையும் அறையிலிருந்து எடுத்து, லாபியில் ஓர் அலமாரியில் அடுக்கிவிட்டன. வேண்டியதை வேண்டுகிறவர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகலாம். பிரிக்காத உறை தரும் நிம்மதி அங்கே போய்விடவில்லை, தேவையில்லாதவர் அறையில் எதுவும் வீணாவதும் இல்லை. இந்தியாவில் 2022 ஜூலையில் தடையான ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பட்டியலில் ஹோட்டல் புட்டிகள் இல்லை. சட்டம் வரட்டும் என்று காத்திராமல், நம் ஊர் ஹோட்டல்கள் அந்த அலமாரியை நாளைக்கே லாபியில் வைத்துவிட முடியும்.

(தொடரும்)