பயத்தை விரட்டும் "ஆனந்தம்"!

சுண்டெலிக்கு வெளிச்சம் என்றால் பயம். பாதி இருட்டும் பாதி வெளிச்சமுமாக உள்ள பெட்டியில் அதை விட்டால், இருட்டில் போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

ஆனால், ஓடி முடித்த எலி அப்படிப் பதுங்கவில்லை! வெளிச்சத்தில் கூடுதல் நேரம் உலாவியது.

2015-ம் ஆண்டில் ஜெர்மன் விஞ்ஞானிகள் கண்ட அதிசயம் இது. கூண்டில் சக்கரம் வைத்து எலிகளை ஓட விட்டுப் பார்த்தார்கள்.

மனிதருக்கும் இப்படித்தான். பரீட்சைக் கவலை, கடன் கவலை என்று நெஞ்சு படபடக்கும். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு வந்தால் மனம் லேசாகும்.

காரணம் என்ன?

"எண்டார்பின்" என்றே வெகு காலம் சொல்லி வந்தார்கள். உடம்பு தானே தயாரிக்கும் வலி மருந்து அது. ஓடும்போது ரத்தத்தில் கூடுகிறது. ஆனால், ரத்தத்தில் கூடினால் போதுமா? மூளைக்குள் போக வேண்டாமா? ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. எண்டார்பின் அதைத் தாண்டுவது கடினம்.

சாவியும் பூட்டும்

எளிதில் தாண்டும் பொருள் ஒன்று உண்டு. உடம்பு கொழுப்பிலிருந்து செய்துகொள்வது. பெயர், "ஆனந்தமைடு". ஆம், நம் "ஆனந்தம்"தான்! 1992-ல் ஜெருசலம் நகரில், பேராசிரியர் ரபேல் மெச்சூலமின் ஆராய்ச்சிக்கூடத்தில் இதைக் கண்டுபிடித்தவர்கள், சமஸ்கிருதச் சொல்லையே பெயராக்கினார்கள்.

மூளையில் கஞ்சா திறக்கும் பூட்டை, இந்தச் சாவியும் திறக்கிறது. (அதற்காகக் கஞ்சாவைத் தேட வேண்டாம். அது பதற்றத்தைக் கூட்டிவிடுவதும் உண்டு!)

ஓடிய எலிகளின் ரத்தத்தில் ஆனந்தமைடு கூடியிருந்தது. மருந்து கொடுத்து அந்தப் பூட்டை அடைத்தார்கள். அவ்வளவுதான், ஓடியும் எலியின் பயம் போகவில்லை! எண்டார்பினுக்கு உரிய பூட்டை அடைத்தபோதோ, தைரியம் குறையவில்லை.

எலி சரி, மனிதர்?

63 பேரிடம் நடந்த சோதனை 2021-ல் வெளியானது. சிலருக்கு எண்டார்பினைத் தடுக்கும் மருந்து, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. 45 நிமிடம் ஓடினார்கள். இரு சாராருக்குமே கவலை குறைந்தது. ரத்தத்தில் ஆனந்தமைடு கூடியது.

ஆனந்தமைடின் பூட்டையும் மனிதருக்கு அடைத்துப் பார்க்கலாமே என்று கேட்கலாம். அப்படி ஒரு மருந்து, உடல் பருமனைக் குறைக்க 2006-ல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் உண்டாயின. 2008-ல் விற்பனை நிறுத்தப்பட்டது.