ஒரு வாய்க்காற் குளம்



வரத்து வாய்க்கால் ஒன்றேயாயின், அது தூர்ந்ததும் குளம் வற்றும். உன்னிச்சை உழவர் இதனை நன்கறிவர். விளையாட்டுப் போட்டிகளுக்கும் இஃது பொருந்தும்.

இந்தியாவில் 2005ஆம் ஆண்டு பிரிமியர் ஹாக்கி லீக் என்னும் தொழில்முறைப் போட்டி தோன்றிற்று. இந்திய ஹாக்கிச் சம்மேளனம் தொலைக்காட்சி நிறுவனமொன்றுடன் கூடி நடத்திய இதில், சென்னை வீரன்ஸ் அணியும் ஆடியது. ஹைதராபாத் சுல்தான்ஸ் முதற்கோப்பையை வென்றது. இரு பாதிகளாக நிகழ்ந்த ஆட்டம் நான்கு கூறுகளாக்கப்பட்டது.

2008இல் இந்தியா, 80 ஆண்டுகளில் முதன்முறையாக, ஒலிம்பிக் ஹாக்கிக்குத் தகுதிபெறத் தவறியது. ஏப்ரலில் சம்மேளனம் இடைநிறுத்தப்பட்டது. நான்கு பருவங்களே கண்ட லீக்கும் அதனோடு ஓய்ந்தது. ஆட்டக்காரர் தம் களத்தை இழந்தனர்.

நான்கு கூற்று முறையையோ 2014இல் உலகச் சம்மேளனமே மேற்கொண்டது. நல்ல முறை மட்டும் போதாது. நம்மூர்க் கழகத்தார் ஒரு புரவலரையே நம்பியிராது, பல வாய்க்கால்களை வெட்டிக்கொள்வாராக.