தச்சர் என்னும் திருப்பெயர்

ஆண்டவர் இயேசு தாம் வளர்ந்த நாசரேத்துக்கு வந்து தொழுகைக்கூடத்தில் போதித்தபோது, அவ்வூரார் அவருடைய ஞானத்தைக் கண்டு வியந்தனர். ஆயினும் அவரில் விசுவாசம் கொள்ளவில்லை. அவரைச் சிறுமைப்படுத்த அவர்கள் முதலில் எடுத்தாண்டது அவரது தொழிலின் பெயரையே. கிரேக்க மூலத்தில் ‘தெக்தோன்’ என்றிருக்கும் அச்சொல்லை, 4ஆம் நூற்றாண்டில் நற்செய்திகளின் இலத்தீன் பாடத்தைத் திருத்தியமைத்த புனித எரோணிமுஸ் அளித்த வடிவில் ‘ஃபாபெர்’ என வாசிக்கிறோம்.

மரம், கல், உலோகம் முதலிய கடினமான பொருள்களைக் கையால் உருவாக்குபவரே ஃபாபெர். அவருடைய பட்டறைக்கு ‘ஃபாப்ரிக்கா’ என்று பெயர். மரவேலை செய்பவர், இரும்புவேலை செய்பவர் என்று பிரித்துக் காட்ட வேண்டுமாயின் இன்னொரு அடைமொழி சேர்க்கப்படும். இயேசு ஏர்களையும் நுகங்களையும் செய்தார் என 2ஆம் நூற்றாண்டில் புனித யுஸ்தீன் எழுதியுள்ளார். எனவே நம்மூர் வழக்கில் அவர் ஓர் ஓடாவியார்.

இச்சொல்லின் இலக்கணமும் சிந்தனைக்குரியது. மாற்கு நற்செய்தியில் (6:3) அது எழுவாய் வடிவில் ‘ஃபாபெர்’ என நிற்கிறது; அங்கே இயேசுவே தச்சர். மத்தேயு நற்செய்தியிலோ (13:55) ‘ஃபாப்ரி ஃபீலியுஸ்’, அதாவது தச்சருடைய மகன் என்றிருக்கிறது. ஆறாம் வேற்றுமையில் நடுவிலுள்ள எகரம் மறைந்து ‘ஃபாப்ரி’ ஆகிறது. ஒரு நற்செய்தி மகனின் உழைப்பைச் சொல்கிறது. மற்றது தந்தையின் உழைப்பைச் சொல்கிறது. சூசையப்பரின் பட்டறையில் இரண்டும் ஒன்றாயின.

உரோமைப் பேரறிஞர் சிசெரோ, கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில், கைவினைஞர் அனைவரையும் இழிதொழிலினர் என்றே கணித்தார். அந்த எண்ணம் அவரோடு மறைந்துவிட்டதா? உளி பிடித்துப் பிள்ளையைப் படிக்கவைத்த தகப்பனின் தொழிலைத் திருமணப் பேச்சின்போது சொல்லத் தயங்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா? நற்கருணைப் பந்தியில் அருகருகே முழந்தாளிட்டுவிட்டு, வெளியே வந்ததும் தொழிலைக் கேட்டு ஆளை அளப்பவர்கள் இல்லையா? அப்படிச் செய்யும்போது நாம் நாசரேத்தூரார் பக்கம் நிற்கிறோம். அவர்களுடைய அவிசுவாசத்தினால் அங்கே அவரால் வல்ல செயல் எதையும் செய்ய இயலவில்லை. நோயாளர் சிலரை மட்டும் குணப்படுத்தினார் என்று மாற்கு துயரத்துடன் குறிக்கிறார். உழைப்பவரை இகழும் இல்லத்திலும் அருளுக்குக் கதவு அடைபடுகிறது.

திருச்சபை அந்த இகழ்ச்சியை ஏற்கவில்லை. மிலான் நகரின் ஆயர் புனித அம்புரோசியார், தச்சரின் மகன் என்ற சொல்லிலேயே அனைத்தையும் படைத்த வானகத் தந்தையின் சாயலைக் கண்டார். 1955ஆம் ஆண்டு திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், மே 1ஆம் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார்.

இலக்கணத்தில் இன்னொன்றும் உண்டு. ‘ஃபாபெர்’ என்ற சொல் விளி வேற்றுமையில் மாறுவதில்லை. நாசரேத்தூரார் அவரைப் பற்றி ஏளனமாகச் சொன்ன அதே சொல்லால், மாற்றமேதுமின்றி, நாம் அவரை மன்றாட்டில் அழைக்கலாம். இவ்வாரக் குடும்பச் செபத்தில், உழைத்துக் காய்த்துப்போன பெற்றோரின் கைகளைப் பிள்ளைகள் பற்றிக்கொண்டு அவ்வாறே அழைக்கட்டும்: தச்சராகிய ஆண்டவரே, எங்கள் இல்லத்தையும் உமது கையால் செதுக்கியருளும். ஆமென்.