உங்களுக்குத் தெரியுமா? மார்க் மாட்டுக்கு அல்ல, பிள்ளைக்கு!

அமெரிக்கக் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) கண்காட்சிகளுக்குத் தாங்கள் வளர்த்த கன்று, ஆடு, பன்றிகளைச் சிறுவர்கள் கொண்டுவருவார்கள். அங்கே 'ஷோமன்ஷிப்' என்றொரு போட்டி உண்டு. விலங்கு எவ்வளவு கொழுத்திருக்கிறது என்பது இதில் கணக்கில்லை; அதை நடத்திக் காட்டும் பிள்ளையின் திறமைக்கே மதிப்பெண். நடுவரின் பார்வையை மறைத்து நிற்கக் கூடாது. மாட்டைக் கயிற்றில் பிடித்து நடத்தலாம். பன்றிக்கோ கயிறே கிடையாது. சிறு கோலால் மெல்லத் தட்டித்தான் திருப்ப வேண்டும். மாதக்கணக்கில் தீவனம் வைத்து, குளிப்பாட்டி, நடக்கப் பழக்கிய பிள்ளைக்கே அது வசப்படும். செலவுக் கணக்கு எழுதுவதும் பிள்ளைதான். இறைச்சிக்கென வளர்த்தவை பெரும்பாலும் ஏலத்துக்குப் போகும். பாசத்தோடு வளர்த்த பிள்ளைகள் அப்போது அழுதுவிடுவதுண்டு. அந்தக் கண்ணீரும் மதிக்கத்தக்கதே. இப்போட்டிகளில் முன்னிற்கும் 4-எச் என்ற இளையோர் இயக்கத்தின் தொடக்கம், 1902-இல் ஓஹையோ மாநிலக் கிளார்க் கவுண்டியில் ஏ.பி. கிரஹாம் கூட்டிய சிறுவர் சங்கம்.